லிஸ்பன் மேட்டில் ஒரு பெட்டிச் சைக்கிள்

கெர்பன் வீர்ஸ்மாவோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டதே ஒரு சண்டையில்தான். லெம்மர் ஊரில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன், கடல் தாண்டி வந்து கிடைத்த வேலை, நேரத்துக்கு முன்பே போய் நிற்க வேண்டும் என்று சைக்கிளை மிதித்து வந்தால், கண்ணெதிரே பாலம் வாயைப் பிளந்துகொண்டு மேலே போகிறது. கீழே ஒரு பாய்மரப் படகு. அதில் ஒரு பெரியவரும் ஒரு நாயும். இருவருக்கும் அவசரமே இல்லை. பாலத்தை இயக்குகிறவர் உட்காரும் கூண்டைப் பார்த்துக் கையை வீசிக் கத்தினேன். ஜன்னல் திறந்தது. காற்றில் சிவந்த முகமும் வைக்கோல் நிறத் தாடியுமாக ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, படகுக்கு பிரேக் கெடையாது. உன் சைக்கிளுக்கு இருக்கு. அப்ப யாரு நிக்கணும்?"

படகு போகிற வரைக்கும் நின்றேன். மறுநாளும் நிற்க வேண்டி வந்தது. அதற்கடுத்த முறை அவரே கையசைத்து மேலே கூப்பிட்டு காபி கொடுத்தார். காபிக்கு ஆளுக்கொரு பிஸ்கட்தான் அந்த ஊர் வழக்கம், டப்பா ஒரே ஒரு தடவை திறந்து மூடிக்கொண்டது. கூண்டுச் சுவரில் ஒரு புகைப்படம் ஒட்டியிருந்தது: செங்குத்தான ஒரு கல் தெரு, நடுவே முன்பக்கம் மரப்பெட்டி வைத்த மூன்று சக்கர சைக்கிள். "இந்தப் பக்கத்துல ஏது இப்படி ஒரு மேடு?" என்று கேட்டேன். அவர் தாடியைச் சொறிந்தபடி சிரித்தார். அன்று ஆரம்பித்த கதை இது. பாதியை அவர் சொன்னார். அவர் விட்டதையும் ஒளித்ததையும் பிள்ளைகள் சொன்னார்கள்.

கெர்பன் பாலம் தூக்கி இறக்குகிற வேலைக்காரர். பாலத்தடியிலேயே வீடு. நாற்பது தாண்டியும் தனிக்கட்டையாக இருந்தார். மாடியில் இரண்டு அறைகள், அவற்றில் பழைய பாய்த்துணியும் பெயின்ட் டப்பாவும் குடியிருந்தன. ஹன்னகா அவர் வாழ்க்கைக்குள் வந்ததும் என்னைப் போலத்தான், பாலத்தில் மாட்டிக்கொண்டு. அவள் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். ஒருநாள் காரை விட்டிறங்கி கூண்டுக் கதவைத் தட்டி, "அங்க ஒருத்தர் ஊசிக்குக் காத்துட்டு இருக்காரு, நீ இங்க வாத்துக்கெல்லாம் பாலம் தூக்கிட்டு இருக்கியா?" என்று கேட்டாளாம். கெர்பனுக்கு அந்தக் கேள்வியே போதுமாக இருந்தது.

இரண்டு வருடம் அவரவர் வீட்டில் இருந்தபடியே பழகினார்கள். கெர்பன் மாடி அறைகளைக் காலி செய்து, சுண்ணாம்பு வெள்ளையாக பெயின்ட் அடித்து வைத்துவிட்டு, பிள்ளைகளோடு குடிவருகிறாயா என்று கேட்டார். ஹன்னகா சொன்னாள்: "எனக்கு சரி. பிம் எப்பவோ உன் தோள்ல ஏறி உக்காந்துட்டான். ஃபெம்கா ஒத்துக்கணும்."

ஹன்னகாவின் மகன் பிம்முக்கு ஆறு வயது. அவன் அக்கா ஃபெம்காவுக்குப் பதினொன்று. சின்னவன் மறந்துவிட்ட ஒன்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. கெர்பனுக்கு முன்னால் எர்வின் என்று ஒருவன் அவர்கள் வீட்டுக்குக் குடிவந்தான். வரும்போது டிரம் செட்டோடு வந்தான், சமையலறையை இடித்துக் கட்டித் தருகிறேன் என்று பாதி இடித்தான், குளிர்காலம் வருவதற்குள் கிளம்பிப் போய்விட்டான். அவன் போன பிறகு பிம் ராத்தூக்கம் இல்லாமல் அழுதான். அம்மாவுக்கு வேலை. பக்கத்தில் படுத்துத் தட்டிக்கொடுத்தது ஃபெம்காதான். அதனால் அவளிடம் கேட்டபோது ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்: "மே லீவுக்கு லிஸ்பன் போறோம்ல, போயிட்டு வந்து சொல்றேன். அது வரைக்கும் யாரும் என்கிட்ட இதப் பத்திப் பேசக் கூடாது."

கெர்பனுக்கு அது பரீட்சைத் தேதி குறித்த மாதிரி இருந்தது.

கிளம்புகிற வாரத்தில் ஹன்னகா தன் வீட்டு மாடிப்படியில் சறுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். லெம்மர் பக்கத்து வீட்டுப் படிகள் ஏணிக்குத் தம்பி மாதிரி இருக்கும். விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மாவுக்கட்டோடு சோபாவில் கிடந்தபடி அவள் சொன்னாள், "நீ கூட்டிட்டுப் போ."

"நானா? தனியாவா?"

"பாலத்தையே தூக்கி எறக்குற. ரெண்டு பிள்ளைங்கள மேய்க்க முடியாதா?"

"பாலம் எதுத்துப் பேசாது ஹன்னகா."

அப்படித்தான் கெர்பன் பிள்ளைகளோடு தனியாகப் புறப்பட்டார். அவருக்கு ஒரு தைரியம் இருந்தது. லிஸ்பனில் இறங்கியதும் பெட்டிச் சைக்கிள் ஒன்று வாடகைக்குக் கிடைக்கும்படி வீட்டிலிருந்தே ஏற்பாடு செய்திருந்தார். பெட்டியில் பிம்மையும் மூட்டை முடிச்சையும் வைத்துக்கொண்டால் ஊரையே சுற்றிவிடலாம். ஆற்றங்கரைச் சைக்கிள் கடையிலிருந்து தங்கும் வீடு எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தார். கூப்பிடு தூரம். வரைபடத்தில் மேடு தெரியாது. தெரிகிற வரைபடமாக இருந்திருந்தாலும் அவருக்குப் பார்க்கத் தோன்றியிருக்காது. லெம்மரைச் சுற்றி தரை தோசைக்கல் மாதிரி கிடக்கிறது. கெர்பன் பிறந்ததிலிருந்து மிதித்து ஏறிய ஆகப் பெரிய மேடு அவருடைய பாலத்தின் முதுகுதான்.

சைக்கிள் கடைக்காரன் கேட்டான், "எங்க தங்கறீங்க?"

"கிராசாவுல."

கிராசா மேட்டின் மேலே இருக்கிற பகுதி. கடைக்காரன் சைக்கிளைப் பார்த்தான். பிம்மைப் பார்த்தான். கெர்பனின் வயிற்றைப் பார்த்தான். "மோட்டார் வெச்ச வண்டி ஒண்ணு இருக்கு சார்."

"மோட்டாரா? அதெல்லாம் எங்க அத்தைக்கு."

"அப்படின்னா ஆத்தோரமா மட்டும் ஓட்டுங்க. மேல கொண்டுபோகாதீங்க."

"அவரு ஏதோ சொல்ல வர்றாரு. கேளேன்," என்றாள் ஃபெம்கா.

"சைக்கிளப் பத்தி எனக்கு ஒரு ஆள் சொல்லித் தரணுமா?" என்றார் கெர்பன். சொல்லிவிட்டு இரண்டு பூட்டுகளையும் சரிபார்த்தார். லெம்மரில் சைக்கிளை வெளியே நிறுத்துகிறவன் ஒரு பூட்டோடு நிறுத்த மாட்டான். ஒன்று சக்கரத்துக்கு, ஒன்று கம்பத்துக்கு. தண்ணீர் குடிக்க நிறுத்தினாலும் இரண்டு. சாவிகளைக் கயிற்றில் கோத்து பிம்மின் கழுத்தில் மாட்டினார். பிம் அந்த உத்தியோகத்தில் பூரித்துப் போனான்.

ஆற்றங்கரையை விட்டு முதல் சந்துக்குள் திரும்பியதும் கெர்பன் எழுந்து நின்று மிதித்தார். இரண்டாவது திருப்பத்தில் இறங்கித் தள்ளினார். அதற்கு மேல் தள்ளினாரா, சைக்கிள் அவரைத் தள்ளியதா என்று சொல்ல முடியாது. வழுவழுவென்று தேய்ந்த சின்னச் சின்னக் கற்கள் பாவிய தெரு. கால் ஊன்றினால் வழுக்குகிறது. பெட்டியில் உட்கார்ந்திருந்த பிம், "வேகமாப் போ கெர்பன், பூனை முந்துது!" என்று உற்சாகம் ஊட்டினான். ஃபெம்கா நாலு வீடு தள்ளி, யாரோ எவரோ என்கிற பாவனையில், கடை ஜன்னல்களைப் பார்த்தபடி வந்தாள்.

கூத்து அதற்கு மேல்தான். தெரு குறுகி, டிராம் தண்டவாளம் மட்டுமே போகிற இடத்தில், பெட்டிச் சைக்கிளின் முன்சக்கரம் தண்டவாளப் பள்ளத்தில் போய் அழகாக உட்கார்ந்துகொண்டது. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் வரவில்லை. பின்னால் மஞ்சள் டிராம் மணியடித்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார். டிராமுக்குள் இருந்த சுற்றுலாக்காரர்கள் எல்லோரும் போனை எடுத்தார்கள். மேலே ஜன்னல்களில் துணி காயப்போட்ட பெண்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எதுவும் புரியாதது நல்லதாகப் போயிற்று. கடைசியில் நாலைந்து பேர் டிராமிலிருந்து இறங்கி வந்து சைக்கிளைப் பிம்மோடு சேர்த்துத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். பிம் ராஜா மாதிரி கையசைத்தான். ஃபெம்கா ஒரு கதவு நிலைக்குள் புகுந்து சுவரைப் பார்த்து நின்றாள்.

கிராசா வீட்டு வாசலில் வீட்டுக்காரர் அபீலியு காத்திருந்தார். மீன் வியாபாரி, கீழ்த்தளத்தில் குடியிருப்பவர். சட்டை நனைந்து, தாடி சொட்டச் சொட்ட வந்து நின்றவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இத எதுக்குங்க மேல கொண்டாந்தீங்க?"

"ஊர் சுத்த."

"எந்த ஊரு?"

அன்று சாயங்காலம் கெர்பன் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த ரொட்டியையும் சீஸையும் வெட்டினார். பிம் வழக்கம் போல ரொட்டியில் சாக்லேட் துருவலைக் கொட்டித் தின்றுவிட்டுத் தூங்கிப்போனான். ஃபெம்கா போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவு சரியாகச் சாத்தாது. தட்டுக் கழுவிக்கொண்டிருந்த கெர்பனுக்கு எல்லாம் கேட்டது.

"மானம் போச்சும்மா… ஆமா, தண்டவாளத்துல… இல்ல, பிம் நல்லாத்தான் இருக்கான்… நாளைக்குப் பாரேன். நாளைக்கே அந்த வண்டியத் திருப்பிக் குடுத்துருவான். முடியலன்னா விட்டுட்டுப் போற ஆளுதான் இவனும். எர்வின் மாதிரி. பாத்துட்டே இரு."

கெர்பன் தட்டைத் துடைத்து வைத்தார். உண்மையைச் சொன்னால், காலையில் முதல் வேலையாக சைக்கிளைக் கடையில் கொடுத்துவிட்டு டிராம் சீட்டு வாங்குவது என்றுதான் அவர் முடிவு செய்திருந்தார். இடுப்பு விட்டுப் போயிருந்தது. அந்த முடிவை அந்தத் துணியோடு சேர்த்துப் பிழிந்து காயப்போட்டார்.

காலையில் ஃபெம்கா ஜன்னலுக்கு வெளியே எதிர்க் குன்றில் நின்ற கோட்டையைக் காட்டினாள். "இன்னிக்கு அங்க போலாம்." சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"போலாமே," என்றார் கெர்பன். "பிம், சாவிய எடு."

வாசலில் அபீலியு மீன் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். "இன்னிக்கும் இதுவா? கோட்டைக்கு பஸ் போகுதுங்க!"

"சைக்கிளும் போகும்," என்றார் கெர்பன்.

போயிற்று. எப்படிப் போயிற்று என்று கேட்டால் மனிதர் இன்றும் பேச்சை மாற்றிவிடுவார். பிம் சொல்லித்தான் தெரியும்: நடுநடுவே கெர்பன் சுவரில் நெற்றியை வைத்து நின்றாராம், ஒரு நாய் வந்து அவரை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனதாம். ஏறுவதை விட இறங்குவது கொடுமை. பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பு முழுக்கப் பின்னால் சாய்ந்து, அங்குலம் அங்குலமாக நடத்திக் கொண்டுவர வேண்டியிருந்தது. ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. கோட்டை வாசலில் ஃபெம்கா ஐஸ்கிரீம் வாங்கினாள். அவருக்கும் சேர்த்து வாங்கவில்லை. ஆனால் அவர் சைக்கிளை வேலிக் கம்பியோடு சேர்த்து இரண்டு பூட்டுப் போடும்போது, "இத எவன் திருடுவான்? திருடுறவன் பாவம்ல?" என்றாள். கெர்பனுக்கு அது ஐஸ்கிரீமை விட இனித்தது. காலையில் கோட்டையைக் காட்டியதற்கு அப்புறம் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அடுத்த நாள் பிம்மின் முறை. அவன் கப்பல் பார்க்க வேண்டும் என்றான். ஆற்றோரமாகவே பெலேம் வரைக்கும் நீளமான சமதளப் பாதை. கெர்பனுக்கு ஊருக்கே திரும்பி வந்த மாதிரி இருந்தது. தேஜோ ஆற்றின் காற்று முகத்தில் அடிக்க, சீட்டி அடித்துக்கொண்டு மிதித்தார். ஓட்டமும் நடையுமாகப் பக்கத்தில் வந்துகொண்டிருந்த ஃபெம்கா பாதி வழியில், "கால் வலிக்குது, அதான்," என்று சொல்லிக்கொண்டே பெட்டிக்குள் ஏறி பிம்மின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கெர்பன் சீட்டியை நிறுத்தாமல் மிதித்தார். மூவரும் மடியில் துணி விரித்துச் சூடான முட்டைக் கிரீம் பணியாரங்களைத் தின்றார்கள். பிம்முக்குக் கெர்பன் தாடியில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிடும் வேலை கிடைத்தது.

ஆனால் ஃபெம்கா இளகிவிடவில்லை. கடைசி நாள் காலையில் அவள் ஊரிலேயே உயரமான மேட்டைக் காட்டினாள். ஒரு சின்னக் கோயிலும் பைன் மரங்களும் நிற்கிற இடம். அங்கிருந்து முழு லிஸ்பனும் தெரியும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதாம். கெர்பன் வானத்தைப் பார்க்கிற மாதிரி அந்த மேட்டைப் பார்த்தார். சைக்கிள் பிரேக்கை அழுத்திப் பார்த்தார். கட்டை தேய்ந்து இரும்பு கீச்சிட்டது.

"வேணும்னா வண்டிய விட்டுட்டுப் போலாம்," என்றாள் ஃபெம்கா. குரலில் தேன் சொட்டியது.

"எதுக்கு விடணும்?" என்றார் கெர்பன்.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு ஊர் தெரியவில்லை, கண்ணில் பூச்சிதான் பறந்தது. சைக்கிளைச் சுவரோரம் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைத்து முடித்து நிமிர்ந்தார். அப்போதுதான் பிம் பைன் மரத்தைச் சுற்றி ஓடினான். மழமழக் கல்லில் கால் வழுக்கி முகம் குப்புற விழுந்தான். எழுந்தபோது முகவாய் பிளந்து சட்டையெல்லாம் ரத்தம்.

கெர்பன் தன் சட்டையைக் கழற்றி முகவாயில் அழுத்தி, பையனை அள்ளி மார்போடு சேர்த்துக்கொண்டு சரிவில் இறங்கி ஓடினார். இத்தனை நாளாக அங்குலம் அங்குலமாக இறங்கியவர் அன்று ஓடினார். விழுந்த ஒற்றைச் செருப்பை எடுத்துக்கொண்டு ஃபெம்கா பின்னால் ஓடினாள். வீட்டு வாசலில் அபீலியு பார்த்ததும் வேன் கதவைத் திறந்தார். மீன் நாற்றத்தோடு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

உள்ளே கொண்டுபோய்த் தையல் போட்டார்கள். கெர்பன் பக்கத்தில் நின்று பிம்மின் கையைப் பிடித்துக்கொண்டு பாலத்தடியில் போகிற படகுகளின் பெயரையெல்லாம் ஒப்பித்தார். நர்ஸ் ஒருத்தி பிம்மின் கழுத்திலிருந்த சாவிக் கயிற்றைக் கழற்றி வெளியே பெஞ்சில் இருந்த ஃபெம்காவிடம் கொடுத்தாள். கெர்பன் பனியனில் ரத்தக்கறையோடு வெளியே வந்து உட்கார்ந்தார். ஃபெம்கா மடியில் செருப்பையும் சாவியையும் வைத்திருந்தாள்.

"பூட்டுனியா?"

"எத?"

"வண்டிய."

கெர்பன் யோசித்தார். முகம் வெளிறியது. "இல்ல."

"ஒரு பூட்டாச்சும்?"

"ரெண்டும் கைப்பிடியிலயே தொங்குது."

ஃபெம்கா அவரைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். தண்ணீர் குடிக்க நிறுத்தினாலும் இரண்டு பூட்டுப் போடுகிற ஆள். எதற்குமே சைக்கிளைப் பூட்டாமல் விடுகிற ஜென்மம் அவள் பிறந்த ஊரில் கிடையாது. கையிலிருந்த சாவியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினாள்.

"போகட்டும்," என்றார் கெர்பன். "கடைக்காரனுக்கு போன் பண்றேன், எப்படியாச்சும் எடுத்துக்கட்டும். நீ சொன்ன மாதிரியே ஆயிருச்சு. நான் தோத்துட்டேன்னு வெச்சுக்கோ."

"நான் என்ன சொன்னேன்?"

"அந்த பால்கனிக் கதவு சரியா சாத்தாது ஃபெம்கா."

அவள் முகம் காது மடல் வரை சிவந்தது. "கேட்டுட்டியா? எல்லாமா?"

"கேட்டுச்சு."

"அப்ப அதுக்காகவா கோட்டை வரைக்கும் தள்ளுன?"

"நீதான அந்தக் கோட்டையக் காட்டுன."

"நீ விட்டுருவேன்னுதான் காட்டுனேன்! பைத்தியமா நீ?" என்றாள். பெஞ்சின் அந்தக் கோடியில் இருந்த ஒரு கிழவர் திரும்பிப் பார்த்தார். ஃபெம்கா குரலைத் தணித்தாள். "போன் பண்ணாத. பிம் வரட்டும். போய் எடுத்துட்டு வருவோம். நாமதான எடுத்துட்டு வந்தோம், நாமதான் குடுக்கணும்."

அபீலியு மூவரையும் வேனில் மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுபோனார். சைக்கிள் வைத்த இடத்திலேயே இருந்தது. இரண்டு சுற்றுலாக்காரர்கள் பெட்டிக்குள் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "திருடன் வந்திருப்பான்," என்றார் அபீலியு. "கொஞ்ச தூரம் தள்ளிப் பாத்துட்டு, கொண்டாந்து வெச்சுட்டுப் போயிருப்பான்." வேனில் ஏற்றலாம் என்று பார்த்தால், பெட்டி வேன் கதவை விட அகலம். பிரேக்கை அழுத்தினால் பிடிக்காமல் கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது. கெர்பன் சரிவைப் பார்த்தார். கீழே, வெகு கீழே, ஆறு மினுங்கியது.

"உங்க வேன்ல கயிறு இருக்கா?" என்று கேட்டாள் ஃபெம்கா.

இருந்தது, படகுக் கயிறு மாதிரி தடிமனாக. கோடை தோறும் பாய்மரப் படகில் கிடக்கிறவள் அவள். நடைபாதையில் கார் ஏறாமல் இருக்க வரிசையாக நட்டிருந்த குட்டை இரும்புத் தூண்களைக் காட்டினாள். "கயிற வண்டிப் பின்னால கட்டி, இதுல சுத்திட்டு, நான் விட்டு விட்டுப் பிடிக்கிறேன். படகக் கரையில நிறுத்தற மாதிரி. நீ முன்னால நின்னு பெட்டியப் பிடிச்சுத் திருப்பு."

முன்னால் நிற்பது என்றால் சைக்கிளுக்குக் கீழே நிற்பது. கயிறு நழுவினால் அந்த மரப்பெட்டி நேரே அவர் நெஞ்சில்தான் வரும். அபீலியு, "பொண்ணு வேணாம், கயிற நான் பிடிக்கிறேன்," என்று முன்னால் வந்தார்.

"இல்ல," என்றார் கெர்பன். "அவ பிடிக்கட்டும்." போய்ப் பெட்டிக்கு முன்னால், மேட்டைப் பார்த்தபடி, முதுகைப் பள்ளத்துக்குக் காட்டி நின்றார்.

ஃபெம்கா தூணில் கயிற்றைச் சுற்றி, காலை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். சைக்கிள் முனகிக்கொண்டே இறங்கியது. கயிறு தீரும்போது, முகவாயில் கட்டோடு பிம் ஒரு மீன் பெட்டிப் பலகையைச் சக்கரத்தின் கீழ் திணித்து, "நில்லு!" என்று கத்துவான். தையல் இழுக்கும் என்று வாயைத் திறக்காமலேயே கத்தினான். கயிற்றை அவிழ்த்து அடுத்த தூணுக்குப் போவார்கள். தெரு தெருவாக, தூண் தூணாக. அவள் உள்ளங்கை சிவந்து கன்றிப்போனது. கெர்பன் பின்பக்கமாகவே நடந்தார். கண்ணை அவள் கையை விட்டு எடுக்கவில்லை. "மெதுவா… இன்னும் கொஞ்சம்… பிடி." அவள் பிடித்தாள்.

டிராம் பாதையைக் கடக்கிற இடத்தில் மணி கேட்டது. மஞ்சள் டிராம். முதல் நாள் கத்தின அதே ஓட்டுநர். சைக்கிள் தண்டவாளத்தின் குறுக்கே நின்றது. அவர் தலையை நீட்டி எதையோ கூவினார்.

"என்ன சொல்றாரு?" என்றாள் ஃபெம்கா.

"இன்னும் உசுரோட இருக்கீங்களான்னு கேக்கறாரு," என்றார் அபீலியு.

ஃபெம்கா கயிற்றை இறுக்கிப் பிடித்தபடியே திரும்பித் தொண்டை கிழியக் கத்தினாள்: "எங்களுக்கு பிரேக் கெடையாது! உங்களுக்கு இருக்கு! அப்ப யாரு நிக்கணும்?"

பாலத்தில் கத்துகிறவர்களுக்குக் கெர்பன் எப்போதும் சொல்கிற பதில் அது. அபீலியு அதை மொழிபெயர்த்துச் சொன்னார். ஓட்டுநர் சிரித்துவிட்டார். கெர்பன் சிரித்த சிரிப்பில் பெட்டி கையை விட்டுப் போகப் பார்த்தது. "சிரிக்காத! பிடி!" என்று மேலே இருந்து அதட்டல் வந்தது. அபீலியு அந்த நேரத்தில் எடுத்த படம்தான் கூண்டுச் சுவரில் இருப்பது.

ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தபோது கடைக்காரன் கதவைச் சாத்திக்கொண்டிருந்தான். ரத்தக்கறை படிந்த பனியன், கட்டுப்போட்ட பையன், கயிறு சுற்றிய சைக்கிள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ஆத்தோரமா மட்டும்தான ஓட்டுனீங்க?" என்று கேட்டான்.

கெர்பன் வாயைத் திறப்பதற்குள் ஃபெம்கா சொன்னாள், "அடுத்த தடவ வரும்போது மோட்டார் வெச்ச வண்டி குடுங்க. இவருக்கு வயசாகுது."

அடுத்த தடவை என்ற வார்த்தையைக் கெர்பன் விமானத்தில் ஊர் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஆனால் அவளிடம் கேட்கவில்லை. யாரும் கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்தாளே.

அவர்கள் வீட்டுக்கு வந்ததும் ஹன்னகா மாவுக்கட்டுக் காலை நீட்டியபடி மகனின் முகவாயைத் தடவிப் பார்த்தாள், மகளின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், கெர்பனைப் பார்த்தாள். "என்னடா பண்ணீங்க அங்க?"

"அப்புறம் சொல்றேன்," என்றாள் ஃபெம்கா. பையிலிருந்து செருப்பை எடுத்து வைத்தாள். பிறகு, முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்: "கெர்பன் வீட்டு மாடியில தண்ணிப் பக்கம் ஜன்னல் இருக்கற ரூம் எனக்கு. பிம்முக்கு ரோட்டுப் பக்கம். பெயின்ட்டு வெள்ளை வேண்டாம்."

"என்ன கலர் வேணும்?" என்றார் கெர்பன்.

"மஞ்சள். அந்த டிராம் மாதிரி."

இப்போது நால்வரும் பாலத்தடி வீட்டில் இருக்கிறார்கள். ஹன்னகா அதே வேலையில் இருக்கிறாள். ஃபெம்கா பதினான்கு வயதில் சின்னப் பிள்ளைகளுக்குப் படகோட்டக் கற்றுத் தருகிறாள். பிம்மின் முகவாயில் தழும்பு இருக்கிறது. கெர்பன் இன்னும் பாலம் தூக்கி இறக்குகிறார். மாடியில் தண்ணீர்ப் பக்கத்து அறை மஞ்சளாக இருக்கிறது. பாலத்தில் காத்து நிற்கும்போது கீழே இருந்தே தெரியும்.